அழாத பிள்ளை

'அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்' என்று நம் வீடுகளில் சொல்வார்கள். வாய் திறந்து கேட்டால்தான் கிடைக்கும் என்பது அதன் பொருள். நான் வேலை செய்யும் அறையில் இந்தப் பழமொழிக்கு இன்னொரு பொருளும் உண்டு. அதைச் சொல்லத்தான் பல ஆண்டுகளுக்குப் பிறகு நம் கழக ஆண்டிதழுக்கு மீண்டும் எழுதுகிறேன்.

பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு மருத்துவமனையில் தாதியாக இருக்கிறேன். அறுவைச் சிகிச்சை முடிந்த குழந்தைகள் மயக்கம் தெளியும் வரை படுத்திருக்கும் அறைதான் என் பணியிடம். ஒரு பிள்ளை அங்கே இருப்பது பெரும்பாலும் ஒரு மணி நேரம்தான். "பெரியவனானதும் உங்களை அவனுக்கு ஞாபகமே இருக்காதே, மிஸ்ஸி" என்று ஒரு தந்தை சிரித்துக்கொண்டே சொன்னார். உண்மைதான். ஞாபகம் வைத்துக்கொள்ளும்படி எதுவும் நடக்காமல் பார்த்துக்கொள்வதுதான் எங்கள் வேலை.

1846ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வில்லியம் மார்ட்டன் என்பவர் ஈதரைக் கொண்டு ஒரு நோயாளியை மயக்கிக் காட்டினார். மறு ஆண்டே ஸ்காட்லாந்தில் ஜேம்ஸ் சிம்சன் குளோரோபாமைப் பயன்படுத்தினார். வலியில்லாத சிகிச்சை என்று உலகமே மகிழ்ந்தது. ஆனால் 1848 ஜனவரியில், இங்கிலாந்தில் ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுச் சிறுமி, கால் நகத்தை எடுப்பதற்காகக் குளோரோபாம் கொடுக்கப்பட்ட சில நிமிடங்களில் இறந்துபோனாள். மயக்குவது மட்டும் போதாது, மயங்கியவரைக் கண் இமைக்காமல் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும் என்பதை மருத்துவம் இப்படிப்பட்ட இழப்புகளில்தான் கற்றுக்கொண்டது.

இன்று அந்தக் கவனிப்புக்கு மதிப்பெண் முறையே இருக்கிறது. 1970இல் ஆல்ட்ரெட்டே என்ற மருத்துவர் வகுத்தது. கைகால் அசைவு, மூச்சு, இரத்த ஓட்டம், சுயநினைவு, உடலின் நிறம் என ஐந்து பாடங்கள். ஒவ்வொன்றுக்கும் 2 மதிப்பெண், மொத்தம் 10. நிறத்துக்குப் பதிலாகப் பின்னாளில் இரத்தத்தின் ஆக்சிஜன் அளவு சேர்க்கப்பட்டது. பொதுவாக 9 எடுத்தால் வார்டுக்குப் போகலாம். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத கைக்குழந்தையும் எங்களிடம் தேர்வு எழுதித்தான் போகிறது!

கண் விழிக்கும் பிள்ளைகள் வீட்டு மொழியில்தான் அழுகிறார்கள். 'சாக்கிட்' என்று ஒரு கட்டில், 'தியா' என்று ஹொக்கியனில் ஒரு கட்டில், 'நோவுதும்மா' என்று ஒரு கட்டில். பினாங்கில் வேலை செய்யும் தாதிக்கு வலி என்ற சொல் மூன்று மொழியிலாவது தெரிந்திருக்க வேண்டும். சில பிள்ளைகள் கண்ணைத் திறந்தபடியே உதைப்பார்கள், தாயைக்கூட அடையாளம் தெரியாது. அது மயக்கம் தெளியும்போது வரும் குழப்பம். பெரும்பாலும் அரை மணி நேரத்திற்குள் அடங்கிவிடும்.

நான் இந்தப் பிரிவுக்கு வந்த புதிதில் ஒருநாள் இரண்டு பிள்ளைகள் என் பொறுப்பில் இருந்தார்கள். ஒருத்தி வீறிட்டு அழுதாள். டான்சில் எடுக்கப்பட்ட ஐந்து வயதுச் சிறுவனோ ஒருக்களித்து அமைதியாகப் படுத்திருந்தான். ஆக்சிஜன் 99. நாடி மட்டும் சற்றுக் கூடியிருந்தது. வலியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். 'நல்ல பிள்ளை' என்று அவன் தலையைத் தடவிவிட்டு, அழுதவளிடமே நின்றேன்.

எங்கள் மூத்த தாதி ஒரு மலாய்ப் பெண்மணி. 'காக்' என்று அழைப்போம். கடந்து போனவர் அவன் கட்டிலருகே நின்றார். "இவன் ஏன் இத்தனை தடவை விழுங்குகிறான்?" என்று கேட்டார்.

நானும் அதைப் பார்த்திருந்தேன். கனவில் பால் குடிக்கிறான் என்று எண்ணியிருந்தேன்.

காக் டார்ச் விளக்கை அடித்து அவன் வாய்க்குள் பார்த்தார். தொண்டையின் பின்புறம் இரத்தம் கசிந்து இறங்கிக்கொண்டிருந்தது. அதைத்தான் அவன் சத்தமில்லாமல் விழுங்கிக்கொண்டிருந்தான். சில நிமிடங்களில் மருத்துவர்கள் வந்தார்கள். சிறுவனை மீண்டும் அறுவைச் சிகிச்சைக் கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். இரத்தம் நின்றது.

அவன் இரண்டாம் முறை என்னிடம் வந்தபோது நான் அந்தக் கட்டிலை விட்டு நகரவில்லை. கண் விழித்தான், உதட்டைப் பிதுக்கினான், பிறகு கரகரத்த குரலில் அழுதான். செபராங் பிறையிலிருந்து வந்திருந்த அவன் தாயை உள்ளே அழைத்தேன். "புள்ள அழுவுறானே, மிஸ்ஸி" என்று பதறினார். "அழட்டும் அக்கா, நல்லதுதான்" என்றேன். சொல்லும்போது என் குரலும் உடைந்தது.

காக் என்னைத் திட்டவில்லை. பணி முடிந்து உடை மாற்றும்போது ஒன்று மட்டும் சொன்னார்: "அழுகிற பிள்ளைக்கு மூச்சு இருக்கிறது என்று வாசலிலிருந்தே தெரியும். அழாத பிள்ளையிடம் நீதான் நடந்து போக வேண்டும்." அன்றிலிருந்து பணி நேரம் தொடங்கியதும் நான் முதலில் போவது அமைதியான கட்டிலுக்குத்தான். நெஞ்சு ஏறி இறங்குகிறதா, முகமூடியில் மூச்சு படிகிறதா, தொண்டை அசைகிறதா என்று குனிந்து பார்த்துவிட்டே மற்றவர்களிடம் போகிறேன்.

தம்பி தங்கைகளே, உங்கள் விடுதியிலும் இப்படி ஒருவர் இருக்கலாம். உதவி கேட்டு வருகிறவரை நாம் எப்படியும் கவனித்துவிடுகிறோம். வகுப்புக்கு வருவது குறைந்து, சாப்பிடவும் வராமல், 'ஒன்றுமில்லை' என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொள்கிற நண்பரை 'அமைதியானவர்' என்று பாராட்டிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். ஒருமுறை கதவைத் தட்டிப் பாருங்கள்.

அழுத பிள்ளை பால் குடிக்கட்டும். அழாத பிள்ளையிடம் நாம் போவோம்.