பரணிலிருந்து இறங்கிய மாயாவி

திண்டுக்கல்லில் நத்தம் பஸ் ஏறினால் வலப்பக்கம் சிறுமலை கூடவே வரும். பக்கத்து ஸீட்டு அம்மாளோடு பேச்சு முடிவதற்குள் சாணார்பட்டி வந்துவிடும். மாந்தோப்பும் புளியமரமுமாக இருக்கும் என் பிறந்த ஊர்.

போன கோடை விடுமுறைக்குப் போனபோது, வெள்ளையடிப்பதற்காகப் பரணை ஒழித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு தகரப் பெட்டி இறங்கியது. துருப்பிடித்த கொண்டிதான் கழன்று வந்தது. திண்டுக்கல் பூட்டு அசையவில்லை, பாருங்களேன்! உள்ளே கட்டுக் கட்டாக முத்து, லயன், ராணி காமிக்ஸ். நானும் தம்பியும் திருவிழாக் காசு சேர்த்து வாங்கியவை.

"மதினி, பழைய பேப்பர்க்காரர் வாசல்ல நிக்கிறாரு. எடைக்குப் போட்டுறவா?" என்றாள் தம்பி மனைவி.

"நில்லு தாயி!" என்று பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

1972-ல் சிவகாசியில் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் நாயகன் இரும்புக்கை மாயாவி. 1962-ல் இங்கிலாந்தின் 'வேலியன்ட்' இதழில் பிறந்தவன். விபத்தில் ஒரு கை போய், எஃகுக் கை பொருத்தியவன். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து, அந்தக் கை மட்டும் அந்தரத்தில் நிற்கும். இதைப் படித்துவிட்டு ப்ளக்கில் விரல் வைக்கப் போன தம்பிக்கு அம்மா முதுகில் வைத்தாளே ஒன்று! 1984-ல் லயனும் ராணி காமிக்ஸும் வந்தன. ராணியில் வந்த காட்டு முகமூடி வீரருக்கும் மாயாவி என்றே பெயர். எந்த மாயாவி உசத்தி என்று எங்களுக்குள் அடிதடி. ராணி 2005-ல் நின்றுவிட்டது. முத்துவும் லயனும் இன்றும் வருகின்றன.

உங்கள் வீட்டிலும் இப்படிப் பெட்டி இருந்தால், மூக்கில் துணி கட்டிக்கொண்டு தூசி தட்டுங்கள். வெயிலில் போடாதீர்கள், தாள் நொறுங்கும். கிழிசலுக்கு செலோ டேப் வேண்டாம், மஞ்சள் கறை விடும். ராமபாணப் பூச்சிக்குக் காய்ந்த வேப்பிலையோ வசம்போ போதும். குழந்தை உள்ள வீட்டில் அந்துருண்டை கூடவே கூடாது. மிட்டாய் என்று வாயில் போட்டுக்கொள்ளும்.

தம்பி துபாயில் இருக்கிறான். அவன் மகன் நாலாம் வகுப்பு, இங்கிலீஷ் மீடியம். தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பான். படம் கைகொடுக்க, மூன்றாம் நாள் விறுவிறு என்று போனான். ஒரு புத்தகத்தில் கடைசித் தாள் இல்லை. "அத்தை, அப்புறம் என்னாச்சு?" என்று என்னைக் குடைந்தான். எனக்கு மறந்துவிட்டது.

வழக்கமாக அப்பாவும் பிள்ளையும் போனில் பேசுவது "சாப்பிட்டியா, படிச்சியா" என்று இரண்டே நிமிஷம். அன்று ராத்திரி கதையின் முடிவைத் தம்பி சொல்லச் சொல்ல, இவன் குறுக்கே கேள்வி கேட்க, முக்கால் மணி நேரம் ஓடியது. தம்பி மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து, "எனக்கு எப்பத்தான் போனைக் குடுப்பீங்க?" என்று கேட்டுக்கொண்டே நின்றாள்.