ரிச்சி தெரு மாடியில் ராம் பார்ப்பவர்கள்

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் கீழ்த்தளக் கடைகள் பெரும்பாலும் விற்பவர்களுடையவை. நான் தேடிப்போன பழுது பார்ப்பவர் மாடியில் இருந்தார். ஒரு மேசை, ஒரு மல்டிமீட்டர், தூசி ஊதும் ப்ளோயர், சுவரோரம் வயிறு திறந்த சிபியூக்கள்.

ஒரு கல்லூரி மாணவர் தன் கணினியைச் சுமந்து வந்தார். உபுண்டு லினக்ஸ் போடும்போது பாதியில் நின்றுவிடுகிறதாம். "விண்டோஸ் நல்லாத்தாண்ணே ஓடுச்சு" என்றார். பழுது பார்ப்பவர் மூடியைக்கூடத் தொடாமல் கேட்டார்: "ஒரே இடத்துல நிக்குதா தம்பி, ஒவ்வொரு தடவையும் வேற வேற இடத்துலயா?"

பாதி வேலை இந்தக் கேள்வியிலேயே முடிந்துவிடுகிறது. ஒரே இடத்தில் நின்றால் முதலில் பென் டிரைவையும் கிராபிக்ஸ் டிரைவரையும் ஹார்டு டிஸ்க்கையும் பார்ப்பார். இடம் மாறி மாறி நின்றால் ராம், சூடு, மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டி. மாணவரின் கணினி இரண்டாவது வகை.

சுருக்கி வைத்த கோப்புகளை ராமில் விரித்து டிஸ்கில் எழுதுவதுதான் லினக்ஸ் நிறுவல். சுருக்கிய தரவில் ஒரு பிட் புரண்டாலும் விரிக்கும்போது வேலை நின்றுபோகலாம். சினிமா பார்க்கும்போது ஒரு பிட் புரண்டால் பெரும்பாலும் திரையில் ஏதோ ஒரு இடத்தில் நிறம் ஒரு கணம் மாறும், அவ்வளவுதான்; யார் கவனிக்கப் போகிறார்கள்? பழி மட்டும் லினக்ஸ் மேல் விழுகிறது.

உதவிக்கு இருந்த பையன் ராம் குச்சிகள் இரண்டையும் கழற்றி, தங்க நிறப் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் அழுத்தாமல் தேய்த்தான். துகளை ஊதிவிட்டு மாட்டினான். பல கோளாறுகள் இதோடு சரியாகிவிடும். இது ஆகவில்லை. ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ நிரலை ஓடவிட்டார்கள், டீ வந்து, குடித்து முடித்த பிறகு திரையில் சிவப்பு வரிகள் விழத் தொடங்கின. எஸ்எம்பிஎஸ்ஸின் மஞ்சள் ஒயரில் மீட்டரை வைத்தார்கள். 12 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 11.4-க்குக் கீழே இறங்கக் கூடாது, இறங்கவில்லை. அடுத்து, குச்சிகளைத் தனித்தனியாகச் சோதித்ததில் கெட்ட குச்சி ஒன்று சிக்கியது. அதை வேறு ஸ்லாட்டுக்கு மாற்றினார்கள். பிழையும் கூடவே போனது. ஸ்லாட்டிலேயே தங்கியிருந்தால் மதர்போர்டைச் சந்தேகித்திருப்பார்கள். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும் என்பதில் பழுது பார்ப்பவர் கறாராக இருக்கிறார். இரண்டைச் சேர்த்து மாற்றிய பையனுக்கு என் முன்னாலேயே திட்டு விழுந்தது.

ராமில் கெட்ட முகவரியை மட்டும் ஒதுக்கிவைக்க, லினக்ஸைத் தொடங்கிவைக்கும் கிரப்பில் வழி உண்டே என்று கேட்டேன். "செய்யலாம் சார். அடுத்த மாசம் பக்கத்துல இன்னொண்ணு போகும், திரும்ப இங்கதான் வருவாரு" என்றார். அவர் சொன்னதுதான் சரி என்று எனக்கும் படுகிறது.

பல ராம் நிறுவனங்கள் ஆயுட்கால வாரண்டி தருகின்றன. மாணவரிடம் பில் இல்லை. ராம் வாங்கும்போது பில்லைக் கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள்.