எந்த மீனுக்கு முள்?

கனடாவின் ஒன்டாரியோ ஏரிகளில் பம்ப்கின்சீட் என்றொரு சன்ஃபிஷ் இருக்கிறது. உள்ளங்கை அளவுதான். தட்டை உடம்பு, ஆரஞ்சு வயிறு, கன்னத்தில் நீல நெளிகோடுகள். செவுள் மூடியின் நுனியில் கருப்புப் பொட்டும் அதன் ஓரத்தில் சிவப்பும் இருந்தால் பம்ப்கின்சீட். சிவப்பே இல்லாமல் முழுக் கருப்பென்றால் பெரும்பாலும் ப்ளூகில் என்ற இன்னொரு சன்ஃபிஷ். கரையோரப் பாசி அருகே சின்னத் தூண்டில் முள்ளில் மண்புழுவைக் கோத்து இறக்கினால் தக்கை துடிக்கத் தொடங்கிவிடும். பிடித்துக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு வேலூர் ஜிலேபிக் கெண்டை ஞாபகம்தான்.

அதே தட்டை உடம்பு, அசந்தால் குத்தும் அதே முதுகு முள். ஆனால் குடும்பம் வேறு. ஜிலேபிக்கு முகத்தின் ஒவ்வொரு பக்கமும் ஒரே மூக்குத் துளை, சன்ஃபிஷுக்கு இரண்டு. இரண்டிலும் ஆண்தான் தரையில் குழி பறிக்கும். சன்ஃபிஷ் ஆண் அந்தக் குழியிலேயே முட்டைக்குக் காவல் நிற்கும். ஜிலேபியிலோ தாய் முட்டைகளை வாயில் அள்ளிக்கொண்டு போய்விடும். ஆப்பிரிக்க மீனான ஜிலேபி இந்தியாவுக்கு வந்ததே 1952-ல்தான். எங்களுக்கு அது ஊர் மீன்.

சிறுவயதில் வேலூர் லாங் பஜாரில் மளிகை மூட்டைகளுக்கும் தள்ளுவண்டிகளுக்கும் இடையே நுழைந்து போய்த் தூண்டில் நரம்பும் முள்ளும் வாங்குவோம். கடைக்காரர் எடுத்தவுடன் தரமாட்டார். "இன்னா மீனுக்குடா?" என்பார். கெண்டைக்கு ஒரு முள், கெளுத்திக்கு ஒரு முள். விரால் என்று சொன்னால் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சிரிப்பார். பதில் தெரியாமல் அந்தக் கடைக்குப் போக முடியாது என்பதாலேயே மீன்களைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டோம். வாலடியில் கருப்புப் புள்ளி இருந்தால் அது ஒரு கெண்டை. மீசை இருந்தால் கெளுத்தி, அதன் பக்க முள்ளுக்கு விரலைக் கொடுக்கக் கூடாது. நாக்குப்பூச்சியை, அதாவது மண்புழுவை, தேங்காய்ச் சிரட்டையில் போட்டுக்கொண்டு சதுப்பேரி ஏரிக்கு நடப்போம்; மழைக்குப் பிறகு என்றால் பாலாற்று மடுவுக்கு.

அந்தப் பாலாறுதான் நெஞ்சை அறுக்கிறது. தோல் பதனிடும் ஷாப்களின் கழிவால் அந்தப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ பாழானதை உச்ச நீதிமன்றமே 1996 ஆகஸ்ட் 28 தீர்ப்பில் எடுத்துச் சொன்னது. எங்கள் தெருவில் பாதி வீட்டுக்குச் சோறு போட்டதும் அந்தத் தோல்தான். அதனால் யாரையும் சபிக்க மனம் வருவதில்லை. நிலத்துக்கே அந்தக் கதி என்றால் மடுவில் கிடந்த கெண்டைக் குஞ்சுக்கு என்ன ஆகியிருக்கும்? 2025 ஜனவரியிலும் அதே நீதிமன்றம் அதே ஆற்றைப் பற்றித் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது.

2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியபோது தம்பி வீடியோ அனுப்பினான். மீன் ஏறுச்சாடா என்று கேட்டேன். "தண்ணி போற வேகத்துல மீனை எவன்ணா பாத்தான்" என்றான்.

இங்கே ஒன்டாரியோவில் தண்ணீர் கண்ணாடி மாதிரி. குழிமேல் காவல் நிற்கும் ஆண் மீன்கூடக் கரையிலிருந்தே தெரிகிறது. இதே தெளிவோடு ஒரு மடு பாலாற்றில் வேண்டும் எனக்கு. அடுத்த முறை ஊருக்குப் போனால் லாங் பஜாரில் கெண்டைக்கு என்று சொல்லியே முள் கேட்பேன்.