பட்டினத்தாரின் பல்

கடைவாய்ப் பல் நண்டுக் கொடுக்கில் உடைந்தது. காசிமேட்டு நண்டு, அதன் மேல் குற்றமில்லை. "குழவியால தட்டித் தரேன்னேனே, கேட்டீங்களா?" என்றாள் மனைவி. நண்டைப் பல்லால் உடைக்காமல் தின்பதை ராயபுரத்தில் வளர்ந்த என் அப்பா சாப்பாடாகவே ஒப்புக்கொண்டதில்லை. அந்த வீம்பு எனக்கு வந்தது, அவருடைய பல் வரவில்லை.

ரூட் கெனால் முடிந்ததும், விம்கோ நகர்ப் பக்கம் ஒரு சின்னக் கிளினிக்கில் மேலே கேப் போட்டார்கள். டாக்டரம்மா கிரவுன் என்கிறார். ரசீது எழுதும் பெண் கேப் என்கிறாள். என் ஓட்டு ரசீதுக்காரிக்கு. நரம்பை உருவி, நாலு பக்கமும் அரைத்துக் குச்சியாக்கிவிட்டு, அதற்கு மகுடாபிஷேகம் என்றால் எந்தப் பல் நம்பும்? நீலத்தாளைக் கொடுத்து, "டக்டக்குனு கடிங்க அங்கிள், இப்ப அரைங்க" என்று நாலைந்து தடவை பார்த்தார். கடைசியில் ஒரு வாரண்டி அட்டை தந்தார். பல்லுக்குப் பத்து வருஷம். எனக்கு அறுபத்தேழு நடக்கிறது. அட்டையை யார் பெயரில் மாற்றுவது என்று கேட்கவில்லை.

"எதுல செஞ்சது?"

"ஜிர்கோனியா, அங்கிள்."

வீட்டுக்கு வந்து தேடினால், அதற்கு மூலம் கடற்கரை மணலாம். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியில் அள்ளிப் பிரிக்கிறார்களே, அந்தக் கனிம மணலில் ஜிர்கானும் உண்டு. கல்பாக்கம் அணு உலையில் யுரேனியத்தைப் போட்டு மூடும் குழாயும் அதே ஜிர்கோனியத்தின் கலவைதான். நாக்கால் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டேன்.

மணல் என்றாலே எங்கள் பக்கத்து ஆட்களுக்குக் கொஞ்சம் வயிறு எரியும். இந்தக் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நடந்து வருவது வழக்கம். 1876-ல் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் நீட்டத் தொடங்கினார்கள். வந்த மணல் அங்கேயே நின்றுவிட்டது. தெற்கே மெரினா அகன்றது; வடக்கே ராயபுரமும் திருவொற்றியூரும் கரைந்தன. மெரினாவில் சுண்டல் தின்கிறவர்கள் மிதிப்பது எங்களுக்கு வரவேண்டிய மணல். எங்களுக்குக் கிடைத்தது எண்ணூர் வரைக்கும் கருங்கல். கடல் அரித்த இடத்தில் கொட்டுவார்கள், பிறகு அதன் மேலும் கொட்டுவார்கள்.

நான் சொல்ல வந்தது வேறு. கிளம்பும்போது டாக்டரம்மா, "கரும்பு மட்டும் இந்தப் பக்கம் கடிச்சிடாதீங்க" என்றார். திருவொற்றியூரில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் இப்படிச் சொல்லலாமா? பட்டினத்தார் கையில் பேய்க்கரும்போடு வந்து சேர்ந்த ஊர் இது. அந்தக் கரும்பு எங்கே இனிக்கிறதோ அங்கே முக்தி என்பது கதை. பேய்க்கரும்பு கசக்கும். இந்த ஊரில் இனித்தது.

சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான். கேப் போட்ட பிறகுதான் ஒன்று உறைத்தது: இனிக்கிறதா என்று தெரிய வேண்டுமென்றால் கடிக்க வேண்டுமே! ஊர் ஊராக, கோயில் கோயிலாக, கசப்பைக் கடித்துத் துப்பிக்கொண்டே வந்திருக்கிறார் மனிதர். கோவணத்தைத் தவிர எல்லாவற்றையும் துறந்தவர் என்கிறார்கள். பல்லை மட்டும் கடைசி வரை விடவில்லை. உடம்பை அவ்வளவு ஏசியவருக்கு உடம்பு செய்த உதவி அது.

முடிவும் எனக்கு இப்போது வேறு மாதிரிப் படுகிறது. இங்கே கடலோரத்தில் பிள்ளைகளோடு விளையாடுவாராம். தன்னை மூடச் சொல்வாராம், மூடினால் வேறு பக்கம் எழுந்து வருவாராம். ஒரு நாள் சால் ஒன்றைக் கவிழ்த்து மூடினார்கள். கூடை என்பாரும் உண்டு. வெகுநேரம் சத்தமில்லை. நிமிர்த்திப் பார்த்தால் உள்ளே லிங்கம். அந்தப் பிள்ளைகள் என்ன செய்திருப்பார்கள்? அழுதிருப்பார்களா, "அடுத்து யார் உள்ள போறது?" என்று சண்டை போட்டிருப்பார்களா? கதை சொல்கிறவர்கள் யாரும் அவர்களைக் கவனிப்பதில்லை.

போன வாரம் சமாதிக்குப் போனேன். உள்ளே லிங்கம், வெளியே கடல், நடுவில் கருங்கல். பூ விற்கிற அம்மாவிடம் என் சந்தேகத்தைக் கேட்டேன்: அந்த வயசுல கரும்பைக் கடிக்கிற மாதிரிப் பல் இருந்திருக்குமா?

அவர் பூக்கட்டுவதை நிறுத்தவில்லை.

"இன்னாத்துக்கு சார் கடிக்கணும்? நக்கிப் பாத்திருப்பாரு."