பூச்சில்லாத தோல்: ஒரு சாரல் கால நாட்குறிப்பு

ஜூலை 2, புதன்

கடை திறக்கும்போதே சாரல். மேற்கே மலை இருக்கிற இடமே தெரியவில்லை. செங்கோட்டைக் கணவாய் வழியாக இறங்கி வரும் காற்று, கோயில் வாசலில் நிற்பவர்களின் வேட்டியை ஒரு கை பார்த்துவிட்டு நேராக என் கடைப் படுதாவுக்கு வருகிறது. ஜூன் முழுக்கப் பள்ளிக்கூடப் பைகளின் ஜிப்பு வேலை. அது ஓய்ந்ததும் பூத்துப்போன பெல்ட்டும் செருப்பும் வர ஆரம்பிக்கும். வருஷா வருஷம் இதே வரிசைதான்.

மதியத்துக்கு முன்னால் இலஞ்சியில் இருந்து ஒரு அக்கா வந்தார். துணிப்பைக்குள் ஒரு துண்டு, துண்டுக்குள் கைப்பை. லூயி விட்டான். சிங்கப்பூரில் இருக்கும் மகள் சீசனுக்கு வந்தவள், குற்றாலம் பேரருவி பக்கம் தோளில் மாட்டிக்கொண்டு போயிருக்கிறாள். அருவித் தூவானம் கைப்பிடியில் பொட்டுப் பொட்டாக உட்கார்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் ஆச்சி அதைப் பார்த்து, “தோலு வறண்டுல்லா கெடக்கு” என்று தேங்காய் எண்ணெயைத் தொட்டு நன்றாகத் தேய்த்திருக்கிறார். ஒரு கைப்பிடி கருப்பட்டி நிறம். இன்னொன்று ஆச்சி கைக்குத் தப்பி, மாநிறத்தில் நீர்ப்பொட்டுகளோடு நிற்கிறது.

“அண்ணாச்சி, லட்சத்துக்கு மேல வெலையாம். பிள்ள ரெண்டு நாளா மொகம் குடுத்துப் பேசல.”

பையைத் தட்டிப் பார்த்துவிட்டு, “அக்கா, இந்தப் பூப்போட்ட உடம்பு தோலே இல்ல” என்றேன். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. துணியின் மேல் பிளாஸ்டிக் பூச்சு. அந்தப் பூ வடிவம் 1896-ல் வந்தது. கைப்பிடியும் ஓரப்பட்டையும் மட்டும்தான் தோல். அதுவும் சாயமோ மேல்பூச்சோ இல்லாத வெறும் தோல். உடம்பு மழையைத் தாங்கும். விலை உயர்ந்த இடம் தாங்காது. இதை விற்கிற இடத்தில் சொல்லத்தான் செய்வார்கள். கேட்கிற மனநிலையில் யார் வாங்குகிறார்கள்?

வாங்கி வைத்துக்கொண்டேன். ரசீது எழுதும்போது, “புதுசு மாதிரி ஆகாது” என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன்.

ஜூலை 3, வியாழன்

மழை விடவில்லை. கடையில் ஆளில்லை, நிதானமாகப் பார்க்க முடிந்தது.

கடைகளில் தொங்கும் பெரும்பாலான பைகளில் தோலின் மேல் நிறமும் அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் படலமும் இருக்கும். தண்ணீர் விழுந்தால் முத்தாக நிற்கும், துடைத்தால் போய்விடும். இந்தக் கைப்பிடியின் உள்பக்கம் ஊசிமுனையால் ஒரு துளி வைத்தேன். வைத்த மாத்திரத்தில் உறிஞ்சி, அந்த இடம் கறுத்தது. பூச்சில்லாத தோல் என்று தெரிந்துகொள்ள இது போதும்.

இது நம் ஊருக்குத் தெரியாத சரக்கு இல்லை. மரப்பட்டையில் பதனிட்ட தோல். திண்டுக்கல், திருச்சி, ஈரோடு வட்டாரத்தில் ஆவாரம் பட்டையில் ஊறப்போட்டுப் பதனிட்டு, மேற்கொண்டு பினிஷ் செய்யாமலே சென்னைத் துறைமுகத்தில் இருந்து சீமைக்குக் கப்பல் கப்பலாக அனுப்பினார்கள். ஈஸ்ட் இந்தியா தோல் என்று அதற்குப் பெயர். இப்போது புவிசார் குறியீடும் உண்டு. பட்டையில் பதனிட வாரக்கணக்கில் ஆகும். குரோம் உப்பு வந்தபிறகு அந்த வேலை ஓரிரு நாளில் முடிந்தது. குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்ததே அங்கிருந்த குரோம் லெதர் கம்பெனியால்தான்.

ஆம்பூரில் வேலை பார்த்த காலத்தில், அடையாறு தோல் ஆராய்ச்சி நிலையத்தில் படித்துவிட்டு வந்த டெக்னீஷியன் ஒருவர் சொன்ன விஷயம் இன்று ஞாபகம் வந்தது. ஆவாரம் பட்டைத் தோல் வெயில் பட்டால் சிவக்கும். அதனால் கடைசியில் கடுக்காய்த் தண்ணீரில் ஒரு முறை போட்டு எடுப்பார்களாம், நிறம் மாறாமல் நிற்க. நம் ஆட்கள் நிறம் மாறக்கூடாது என்று கடுக்காய் போட்டார்கள். பாரீஸ்காரர்கள் நிறம் மாறுவதையே அழகு என்று சொல்லி விலை வைத்தார்கள். கைப்பிடி முதலில் வெளிர் நிறம், பிறகு வெயிலும் கைவியர்வையும் பட்டுத் தேன் நிறம். அந்தத் தேன் நிறத்துக்குத்தான் காசு.

சுரண்டைப் பக்கம் போனால் ஆவாரம் சாலையோரத்தில் பூத்துக் கிடக்கும். பொங்கலுக்குக் காப்புக் கட்டப் பறிப்பதோடு சரி.

ஜூலை 5, சனி

நேற்றே வேலை ஆரம்பம். எண்ணெய்க் கைப்பிடியில் சோளமாவைத் தூவி, இரவு முழுக்க வைத்து, காலையில் பழைய ஷேவிங் பிரஷ்ஷால் தட்டினேன். மாவு லேசாக மஞ்சளித்திருந்தது. மேலாக நின்ற எண்ணெய் வரும். உள்ளே இறங்கியது வராது. இறங்கியதை எடுக்கிறேன் என்று பெட்ரோலும் தின்னரும் போடுகிறவர்கள் உண்டு. அது தோலில் உள்ள கொழுப்பையும் சேர்த்து உருவிவிடும், பிறகு மடிகிற இடத்தில் வெடிக்கும். தேங்காய் எண்ணெயால் இன்னொரு தொல்லை, நாளாக ஆகச் சிக்கு வாடை அடிக்கும்.

நீர்ப்பொட்டு வேறு விதம். தண்ணீர் நேரடியாகக் கறை ஆக்குவதில்லை. துளி காயும்போது தோலுக்குள் இருக்கும் பட்டைச் சத்தைக் கரைத்து விளிம்புக்குத் தள்ளுகிறது. அதனால்தான் நடுவில் வெளிறியும் ஓரத்தில் கோடாகவும் தெரிகிறது. பொட்டை மட்டும் துடைத்தால் புதுசாக இன்னொரு வளையம் வரும். கைப்பிடி முழுவதையும், ஒரு தையலில் இருந்து மறு தையல் வரை, ஒரே சீராக ஈரத்துணியால் ஒற்ற வேண்டும். அப்போது விளிம்பு என்ற ஒன்றே இருக்காது. பிறகு நிழலில், பேன் காற்றில் காய வேண்டும். ஹேர் டிரையர் கூடாது.

குழாய்த் தண்ணீரை இதற்குத் தொடமாட்டேன். ஆட்டோ ஸ்டாண்டுக்கு எதிர்க் கடையில் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் வாங்கிக்கொள்வேன் (ஆசிட் அல்ல, வெறும் தண்ணீர்). குழாய்த் தண்ணீரில் உப்பு இருக்கும், துருப்பிடித்த பைப்பாக இருந்தால் இரும்பும் இருக்கும். பட்டையில் பதனிட்ட தோலும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் கறுப்பு. அந்தக் காலத்தில் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை காய்ச்சினார்களே, அதே சங்கதி. போன வருஷம் ஒரு பையன் நனைந்த சாவிக்கொத்தைத் தோல் பட்டையோடு கட்டி வைத்து, சாவியின் பல்வரிசை அப்படியே அச்சாகக் கறுத்த பையைக் கொண்டுவந்தான். எலுமிச்சைச் சாற்றைத் தண்ணீர் விட்டுக் குறைத்துத் தொட்டால் கொஞ்சம் மங்கும். முதலில் கண்ணில் படாத மூலையில் தொட்டுப் பார்க்க வேண்டும்.

சாயங்காலம் கைப்பிடி காய்ந்திருந்தது. வளையம் பாதிக்கு மேல் போய்விட்டது. நாளை மறுநாள் இன்னொரு தடவை.

ஜூலை 9, புதன்

மேலகரத்தில் இருந்து ஒரு டீச்சர். கல்யாணத்துக்கு வந்த பரிசுப் பை. பாலிதீன் கவரில் கட்டி, பாச்சை உருண்டை போட்டு, பீரோவில் பூட்டி வைத்தாராம். எவ்வளவு பத்திரம் பண்ண முடியுமோ அவ்வளவும் பண்ணியிருக்கிறார். திறந்தால் தையல் வரிசை நெடுகச் சாம்பல் பச்சையில் பொடிப் பொடியாகப் பூஞ்சை. வழவழப்பான முகத்தில் இல்லை. ஊசித் துளைகளைச் சுற்றி மட்டும், வரிசை தப்பாமல். துளையில்தான் ஈரமும் கை அழுக்கும் தங்கும்.

தோல் மூச்சுவிட வேண்டும். காற்றில் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சைக்கு வேறு அழைப்பு வேண்டாம். சாரல் காலத்தில் இங்கே அது சாதாரணம். பாச்சை உருண்டை பூச்சிக்குத்தான், பூஞ்சை அதைச் சட்டை செய்யாது. வாடை மட்டும் தோலில் ஏறிவிடும்.

பையை வாசலுக்குக் கொண்டுபோய், மூக்கில் துணி கட்டிக்கொண்டு, காய்ந்த பிரஷ்ஷால் வெளிப்பக்கமாகத் தட்டினேன். ஈரத்துணியால் துடைத்தால் வித்துகளைத் தோலுக்குள் தேய்த்து ஏற்றுவதுதான் மிச்சம். பிறகு ஒரு முழு நாள் பேன் காற்று.

டீச்சரிடம் சொன்னது: பழைய வெள்ளை வேட்டியைக் கிழித்து உள்ளே அடையுங்கள். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். பருத்தித் தலையணை உறையில் போட்டு வையுங்கள். கூடவே சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள், அது ஈரம் குடித்து முடிந்ததும் மாற்றுங்கள். வாரம் ஒரு நாள் பீரோக் கதவைத் திறந்து பேனைப் போடுங்கள்.

“இவ்வளவுதானா சார்? ஏதாச்சும் கிரீம் எழுதிக் குடுங்களேன்.”

எல்லோருக்கும் ஏதாவது தடவியாக வேண்டும்.

ஜூலை 13, ஞாயிறு

மைத்துனர் குடும்பத்தோடு ஐந்தருவி. தண்ணீர் நல்ல வரத்து, கூட்டமும் அப்படியே. குளித்ததைவிட அதிகமாகப் பைகளைப் பார்த்தேன். தொழில் புத்தி.

எண்ணெய் மசாஜ் முடித்து வருகிற கணவர், மனைவியின் கைப்பையை அப்படியே கையில் வாங்கிக்கொள்கிறார். நனைந்த துண்டைக் கைப்பிடியின் மேல் மடித்துப் போடுகிறார்கள். பழக்கடையில் ஒரு பெண் மங்குஸ்தானை உடைத்து, அதே விரலால் பை ஜிப்பை இழுத்தாள். மங்குஸ்தான் தோட்டுச் சாறு ஒட்டினால் வேட்டியிலேயே போகாது, வெறும் தோலில் எப்படிப் போகும்? கூப்பிட்டுச் சொல்லலாம் என்று பார்த்தேன். “உனக்கென்னடா” என்று கேட்டால்? பேசாமல் ரம்புத்தான் வாங்கிக்கொண்டு வந்தேன்.

திரும்பும்போது பிரானூர் பார்டரில் பரோட்டா. தங்கச்சி கேட்டாள்: “அண்ணே, அப்போ எந்தப் பைதான் குத்தாலத்துக்குக் கொண்டுபோக?” ரெக்சின் பை. இல்லாவிட்டால் மஞ்சப்பை.

ஜூலை 17, வியாழன்

ஆடி முதல் தேதி. இலஞ்சி அக்கா மகளோடு வந்தார். பிள்ளை நல்ல விவரம்.

நீர்ப்பொட்டுகள் தேடினால்தான் தெரியும். எண்ணெய்க் கைப்பிடி கொஞ்சம் தெளிந்திருக்கிறது, ஆனால் மற்றதைவிடக் கறுப்புதான். மகள் கேட்டாள்: “அங்கிள், ரெண்டையும் ஒரே கலரா பெயின்ட் பண்ணிட்டா?”

பண்ணலாம், பண்ண மாட்டேன். கைப்பிடி மடங்குகிற இடம். பெயின்ட் அங்கேதான் முதலில் உரியும். அதோடு தோல் மூச்சுவிடுகிற வழியும் அடைபடும். வேறு வழி சொன்னேன். வெளிறிய கைப்பிடி ஜன்னல் வெளிச்சத்தைப் பார்க்கிற மாதிரி வை, நேர் வெயிலில் போடாதே. கறுத்ததைத் துணியால் சுற்றி வை. மாதக்கணக்கில் வெளிறியது ஏறி வந்து கறுத்ததோடு கிட்டத்தட்டச் சேரும். முழுக்கச் சேராது. கைகழுவித் துடைத்த பிறகு தொடு. சானிட்டைசர் போட்ட ஈரக் கையோடு தொடாதே, சாராயச் சத்தும் கறையாக்கும்.

“ஆச்சி கைப்பட்ட ஹேண்டில்னு சொல்லிக்கிறேன்” என்று சிரித்தாள். அம்மாவுக்குத்தான் சமாதானம் ஆகவில்லை. மெழுகு கிரீமாவது போட்டுத் தரச் சொன்னார். இந்த ஈரத்தில் மெழுகைப் பூசினால் உள்ளே இருக்கிற நீரைப் பூட்டி வைக்கிற கணக்குதான். நம் ஊருக்குத் தென்மேற்கும் உண்டு, ஐப்பசி கார்த்திகை மழையும் உண்டு. தை பிறந்து காற்று காய்ந்த பிறகு, அரிசி அளவு தேன்மெழுகைத் துணியில் தொட்டு ஒரு தடவை தேய்த்தால் போதும், அதுவரை ஒன்றும் தடவாதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன். கூலி முந்நூறு ரூபாய்.