தங்கமும் மனையும்: சில குறிப்புகள்

1851இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் குடியேறிகள் சுமார் 77,000 பேர். பத்தே வருடத்தில் 5,40,000. பல்லாரட், பெண்டிகோ தங்கம் செய்த வேலை. கூடாரங்கள் இருந்த இடம் ஊராகி, 1862இல் இரண்டுக்கும் ரயிலே வந்துவிட்டது.

*

தோண்டுபவர் கையில் உரிமச் சீட்டு இருக்க வேண்டும். தொடக்கத்தில் மாதம் 30 ஷில்லிங். தங்கம் கிடைக்காவிட்டாலும் கட்டணம் உண்டு. பல்லாரட்டில் பொன் கிடந்ததோ எரிமலைப் பாறைக்கு அடியில் புதைந்த பழைய ஆற்றுப்படுகைகளில். குழி இறக்கவே மாதக்கணக்காகும். சேற்றோடு மேலே ஏறி வருபவரிடம் போலீஸ் சீட்டைக் கேட்கும். அந்தக் கொதிப்புதான் 1854 டிசம்பர் 3 அன்று பல்லாரட்டின் யுரேக்காவில் தோண்டுபவர்களின் கிளர்ச்சியாக வெடித்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

*

மறுவருடமே 'மைனர்ஸ் ரைட்' வந்தது. வருடத்துக்கு ஒரு பவுண்டு கட்டினால் தோண்டலாம், ஓட்டுப் போடலாம், அரசு நிலத்தில் சின்ன மனை பிடித்து வீடு கட்டலாம். பொன் தீர்ந்த பிறகும் ஆட்களை அங்கே இருத்தியது இந்த மனைதான் என்பது என் எண்ணம்.

*

அதே 1855இல், கப்பலில் விக்டோரியாவுக்கு வரும் ஒவ்வொரு சீனருக்கும் 10 பவுண்டு வரி. அதைத் தவிர்க்கத் தெற்கு ஆஸ்திரேலியாவின் ரோப் துறையில் இறங்கி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்தார்கள். அப்படி நடந்து வந்தவர்கள் 1857இல் பொன் கண்ட இடம்தான் அராரட்.

*

மனை கொடுத்தது அரசு. நிலமோ வாதவுரங், ஜாஜாவுரங் பூர்வகுடி மக்களுடையது. அவர்களை யாரும் கேட்கவில்லை. அவர்களுடைய ஓடைகளும் சுரங்கச் சேற்றால் தூர்ந்தன.

*

கோலார் தங்கவயலை நினைக்காமல் இருக்க முடியவில்லை. வட ஆற்காட்டிலிருந்து போன தமிழர்கள், பெரும்பாலும் தலித்துகள், மூன்று கிலோமீட்டர் ஆழம் வரை இறங்கினார்கள். 1902இலேயே சிவசமுத்திரத்திலிருந்து சுரங்கத்துக்கு மின்சாரம் வந்தது. தொழிலாளிக்குக் கிடைத்ததோ கம்பெனியின் லைன் வீடு. 2001இல் சுரங்கத்தை மூடியபோது, தலைமுறைகளாக வாழ்ந்த வீடும் அவர்கள் பெயரில் இல்லை. இன்றும் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருகிறார்கள்.

*

பொன் குறைந்ததும் விக்டோரியாவில் நிலம் கேட்டுக் கிளர்ச்சி எழுந்தது. அந்த நிலப்பசி நான் இருக்கும் மெல்பர்ன் பக்கமும் வந்தது: பூனுரங் பூர்வகுடி மக்களின் கேரம் சதுப்பில் 1870களில் கால்வாய் வெட்டி நீரை வடித்தார்கள். இன்று கேரம் டவுன்ஸில் சிவா விஷ்ணு கோயில் இருக்கிறது. தமிழர்கள் சொந்தப் பெயரில் வீடு வாங்குகிறார்கள்.

*

எங்கே புதுச் சுரங்கம் வந்தாலும் எத்தனை பேருக்கு வேலை என்றுதான் முதலில் கேட்கிறோம். நிலம் யாரிடமிருந்து எடுக்கப்படுகிறது, சுரங்கம் மூடிய பிறகு வீடு யார் பெயரில் இருக்கும் என்பதையும் அன்றைக்கே கேட்டு, எழுத்தில் வாங்கிவிட வேண்டும்.