தேக்கடியில் இரு நாள்

நம் ஊர் வாய்க்காலில் ஆண்டுதோறும் நீர் வருகிறது, வயல் விளைகிறது, உண்கிறோம். அந்நீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், “அணையிலிருந்து வருகிறது” என்று சிறுவரும் சொல்லுவர். எந்த அணை, எந்த மலை, எவர் கட்டியது என்று மேலும் கேட்டால் பெரியவர்களே தயங்குவர். மேலூர்ப் பக்கத்தில், பெரியாற்றுப் பிரதானக் கால்வாயின் கடைமடையில் வாழும் நமக்கு இது சிறிது நாணத்தைத் தரும் செய்தியே. ஆகவே சென்ற மே மாதத்தில், கால்வாய் வறண்டு கிடந்த நாள்களில், ஊர்க் குடும்பங்கள் சிலவற்றைச் சேர்த்துக்கொண்டு, இரண்டு வேன்களில் தேக்கடிக்குப் புறப்பட்டோம். சிறுவர் முதல் எழுபதைக் கடந்த முதியவர் வரை இருபத்தேழு பேர்.

புறப்படும் முன்பே ஒரு சங்கடம். நம்மோடு வரவிருந்த பெரியவர் ஒருவர், தம் பங்காளி வீட்டாரும் வருகின்றனர் என்று அறிந்ததும், “நான் வரவில்லை” என்று திண்ணையில் அமர்ந்துவிட்டார். எட்டு ஆண்டுகளுக்கு முன், நீர் குறைந்த ஓர் ஆண்டில், இரவு முறைத் தண்ணீரை எவர் முன்னதாக மடை திறந்து எடுத்தார் என்பதில் எழுந்த வழக்கு அது. பிறந்த வீட்டுச் சடங்கிற்கும் இறந்த வீட்டுத் துக்கத்திற்கும் கூட ஒருவர் வாசலை மற்றவர் மிதித்ததில்லை. பங்காளிக்குக் கடைசி நேரத்தில் காய்ச்சல் கண்டதால் அவருடைய மனைவியும் மகனும் மட்டுமே வந்தனர். பெரியவரும் அரைமனத்தோடு ஏறிக்கொண்டார். ஆனால் மற்ற வேனில்.

மதுரையிலிருந்து குமுளி ஏறத்தாழ 140 கிலோமீட்டர். உசிலம்பட்டி, தேனி, சின்னமனூர், உத்தமபாளையம் கடந்து கம்பம் பள்ளத்தாக்கினுள் நுழைந்ததுமே வெயிலின் கடுமை மறந்துவிடுகிறது. ஒரு பக்கம் நெல் வயல், மறுபக்கம் திராட்சைப் பந்தல். ஆண்டின் எல்லாப் பருவங்களிலும் காய்க்கும் கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது. பந்தலின் நிழலில் நின்று குலையோடு வாங்கி உண்ட சிறுவர்களை மீண்டும் வேனில் ஏற்றுவது பெரும்பாடாயிற்று.

கூடலூரைக் கடந்தால் மலையடிவாரத்தில் லோயர் கேம்ப். இங்கேதான் பெரியாற்று அணையைக் கட்டிய பொறியாளர் ஜான் பென்னிகுயிக்குக்குத் தமிழக அரசு மணிமண்டபம் எழுப்பியுள்ளது. 2013 சனவரியில் அது திறக்கப்பெற்றது. அவர் பிறந்தது 1841-ஆம் ஆண்டு சனவரி 15. அந்நாள் பொங்கலை ஒட்டி அமைவதால், தேனி மாவட்டத்து உழவர்கள் அவர் படத்தின் முன் பொங்கலிட்டு நன்றி செலுத்துகின்றனர். நாடு விட்டு நாடு வந்த ஓர் ஆங்கிலேயரின் பெயரைத் தம் பிள்ளைகளுக்குச் சூட்டிய குடும்பங்களும் இப்பள்ளத்தாக்கில் உண்டு.

அணையின் கதையை இம்மண்டபத்தின் நிழலில் சிறுவர்களுக்குச் சொன்னோம். பெரியாறு மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்து, மேற்கே ஓடி, அரபிக்கடலில் கலப்பது. மலையின் அப்பக்கம் மழை கொட்டித் தீர்க்க, இப்பக்கம் வைகையோ ஆண்டில் பாதி நாள் மணலாய்க் கிடந்தது. 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த பெரும்பஞ்சம் தென்னாட்டை உலுக்கியது. மலைக்கு அப்பால் ஓடும் ஆற்றை இப்பால் திருப்பலாகாதா என்ற எண்ணம் அதற்கும் முன்பே, இராமநாதபுரம் சேதுபதிகளின் அமைச்சர் முத்திருளப்பர் காலத்திலேயே தோன்றியிருந்தது. 1886-இல் திருவிதாங்கூர் அரசோடு 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் ஏற்பட்டது. 1887-இல் வேலை தொடங்கி 1895-இல் முடிந்தது. அணையின் நீளம் 1,200 அடி. அடித்தளத்திலிருந்து உயரம் 176 அடி. சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த காரையும் கருங்கல்லுமே கட்டுமானப் பொருள்கள். தேங்கிய நீரை, மலையைக் குடைந்து அமைத்த, ஒரு மைலுக்கும் மேற்பட்ட நீளமுள்ள சுரங்கம் கிழக்கே கொணர்கிறது.

“இதில் எத்தனை பேர் வேலை செய்தார்கள்?” என்று ஒரு சிறுமி கேட்டாள். பல்லாயிரவர். அவர்களுள் பெரும்பாலோர் பெயர் தெரியாத கூலியாட்கள். மலைக்காய்ச்சலும் வாந்திபேதியும் நூற்றுக்கணக்கானோரைக் கொண்டு சென்றன. வெள்ளம் வந்து பாதி கட்டிய வேலையை அடித்துச் சென்றதும் உண்டு. அணையருகே காட்டினுள் அக்காலத்துக் கல்லறைகள் இன்றும் உள்ளன. பொதுமக்கள் அணைக்குச் செல்ல அனுமதியில்லாமையால் அவற்றைக் காணும் வாய்ப்பு நமக்கில்லை. சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பெரியவர் மட்டும் தூணில் சாய்ந்தவாறு, “நாம் சாப்பிட்ட சோற்றில் இவ்வளவு பேர் இருக்கிறார்களா?” என்றார்.

லோயர் கேம்ப்பிலிருந்து மலைப்பாதை வளைந்து வளைந்து ஏறுகிறது. மின்னிலையத்துக்கு நீர் கொணரும் நான்கு பெருங்குழாய்கள் மலைச்சரிவில் இறங்கும் காட்சியைப் பாதையிலிருந்தே காணலாம். மின்னாற்றல் தந்த நீர் பின்னர் முல்லையாற்றில் சேர்ந்து, வைகை அணையை அடைந்து, பேரணையிலிருந்து பிரதானக் கால்வாய் வழியே நம் ஊருக்கு வருகிறது. மலையுச்சியில் குமுளி. ஒரே கடைத்தெருவின் ஒரு பாதி தமிழகம், மறுபாதி கேரளம். ஏலம், மிளகு, கிராம்பு, பட்டை ஆகியவற்றின் மணம் தெரு முழுதும் கமழ்கிறது.

அன்று மாலை குமுளிக்கு 15 கிலோமீட்டர் அளவில் உள்ள செல்லார்கோயில் என்னும் இடத்துக்குச் சென்றோம். மலைவிளிம்பில் நின்றால் கம்பம் பள்ளத்தாக்கு முழுதும் காலடியில் விரிகிறது. காலையில் நாம் கடந்து வந்த வயல்கள் பாய் விரித்தாற்போல் தெரிந்தன. மழைக்காலமாயின் இங்கு அருவியும் விழும். மே மாதத்தில் பாறை மட்டுமே. ஆனால் அந்தி வெயிலில் அச்சமவெளியைக் கண்டதே போதுமானதாயிற்று. மலையின் இப்பக்கத்துப் பசுமையையும் அப்பக்கத்து வறட்சியையும் ஒருங்கே காண்பவர்க்கு, இந்த அணை ஏன் எழுந்தது என்பதை எவரும் விளக்க வேண்டியதில்லை.

மறுநாள் வைகறையில் எழுந்தோம். சொந்த வண்டிகளை ஆனவச்சால் என்னுமிடத்தில் நிறுத்திவிட்டு, வனத்துறையின் பேருந்தில்தான் ஏரிக்குச் செல்ல வேண்டும். பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. சோதிக்கிறார்கள் என்று சிலர் முணுமுணுத்தனர். ஆனால் உள்ளே சென்றபின், கீழே ஒரு காகிதமும் கிடவாத காட்டைக் கண்டதும் முணுமுணுப்பு நின்றது. 1934-இல் திருவிதாங்கூர் மன்னராட்சியில் நெல்லிக்காம்பட்டி விலங்குக் காப்பகமாகத் தொடங்கி, 1950-இல் பெரியாறு வனவிலங்குச் சரணாலயமாகி, 1978-இல் புலிகள் காப்பகமானது இக்காடு.

ஏரியின் பரப்பு ஏறத்தாழ 26 சதுர கிலோமீட்டர். முதல் படகில் இடம் கிடைத்தது. மிதவை அங்கி அணியாமல் எவரையும் ஏற்றுவதில்லை. அதற்குக் காரணமும் உண்டு. 2009-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் இவ்வேரியில் ‘ஜலகன்னிகை’ என்னும் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். கரையில் விலங்குகளைக் கண்ட ஆவலில் பயணிகள் ஒரே பக்கமாகத் திரண்டதையும் அப்போது ஒரு காரணமாகச் சொன்னார்கள். நம் சிறுவர்களுக்கு இதை ஏறுமுன்னரே சொல்லி வைத்தோம்.

நீரினுள்ளிருந்து பட்டமரங்கள் கருத்த கைகளைப் போல் எழுந்து நிற்கின்றன. 1895-இல் நீர் ஏறியபோது மூழ்கிய காட்டின் எச்சங்கள் அவை. நூற்றாண்டுக்கு மேலாகியும் சாயவில்லை. ஒவ்வொரு மரத்தின் முனையிலும் நீர்க்காகங்கள் சிறகு விரித்து உலர்த்திக்கொண்டிருந்தன. பாம்புத்தாரா ஒன்று கழுத்தை மட்டும் வெளியே நீட்டி நீந்திற்று. கோடையில் காட்டுச் சுனைகள் வற்றுவதால் விலங்குகள் ஏரிக்கரைக்கு வந்தே தீர வேண்டும். மிளாக்கூட்டத்தையும் காட்டுப்பன்றிகளையும் கண்டோம். ஒரு வளைவில் திரும்பியபோது, ஐந்து யானைகள். நடுவே ஒரு குட்டி. மேட்டிலிருந்து மணலை வாரித் தலையில் இறைத்தபின் ஒவ்வொன்றாக நீரில் இறங்கின.

அவ்வளவுதான்! சொன்னதெல்லாம் காற்றில் போயிற்று. படகில் இருந்தோர் பலர் சட்டென எழுந்து ஒரு பக்கமாய் நகர்ந்தனர். நம் பிள்ளைகளும் அவர்களுள் அடக்கம். படகோட்டி உரக்கக் கத்தினார். பங்காளியின் மகன், பன்னிரண்டு வயதினன், கம்பியின் மேல் வயிறு படியச் சாய்ந்துவிட்டான். அவனுக்குப் பின்னால் அமர்ந்திருந்தவர் பெரியவர்தான். ஒரு கையால் அவன் அங்கியைப் பற்றி இழுத்து மடியோடு அணைத்து அமர்த்தினார். “உட்காருடா ராசா. யானை எங்கேயும் போகாது” என்றார். மற்றவர்களும் நாணி அமர்ந்தனர். பையனின் தாய் முன்வரிசையிலிருந்து திரும்பிப் பார்த்தார், பேசவில்லை. பெரியவரும் பேசவில்லை. ஆனால் படகு கரை சேரும்வரை அவர் கை அப்பையனின் தோளிலேயே இருந்தது.

படகுச் சவாரியோடு திரும்பிவிடுவோர் தேக்கடியின் பாதியையே கண்டவராவர். வழிகாட்டியோடு காட்டினுள் நடப்பதே மற்றப் பாதி. மூன்று மணி நேர நடை. மூங்கில் தெப்பத்தில் செல்லும் நாள் பயணமும் உண்டு. மழைக்காலத்தில் அட்டைக்குக் காப்பாகத் துணிக் காலுறையும் தருவர். கருமந்தியும் மலையணிலும் தலைக்கு மேல் தாவின. இருவாய்ச்சிப் பறவையின் சிறகோசையைக் கேட்டோம். புலியைக் காண முடியுமா என்று கேட்ட சிறுவர்களுக்கு வழிகாட்டி சிரித்துக்கொண்டே, “நாம் அதைப் பார்ப்பது அரிது, அது நம்மைப் பார்த்திருக்கும்” என்றார்.

நம்மை அழைத்துச் சென்ற வழிகாட்டி, பல்லாண்டுகள் இதே காட்டில் வயணமரத்தின் பட்டையைத் திருட்டுத்தனமாய் உரித்து விற்றவர். அதை அவரே மறைக்காமல் சொன்னார். இரவில் மறைவதும் காவலர்க்கு அஞ்சி ஓடுவதுமே அன்றைய வாழ்க்கை. 1990-களின் பிற்பகுதியில் வனத்துறை அத்தகையோரை அழைத்துப் பேசி, அவர்களையே காட்டின் காவலராகவும் வழிகாட்டிகளாகவும் ஆக்கியது. காட்டின் ஒவ்வொரு தடத்தையும் அறிந்தவரைவிடச் சிறந்த காவலர் எவர்? அண்டை ஊர்ப் பெண்களும் ‘வசந்த சேனை’ என்னும் பெயரில் ஊதியம் பெறாமலே நாள்தோறும் முறைவைத்துக் காட்டைச் சுற்றி வருகின்றனர். காட்டின் உட்பகுதியிலிருந்து குமுளி அருகே குடியமர்த்தப்பெற்ற மன்னான் பழங்குடியினரின் குடியிருப்பில் ஒரு சிறு காட்சியகம் உண்டு. அவர்களின் மீன்பிடி கருவிகளையும் பழைய புழங்குபொருள்களையும் அங்குக் காணலாம்.

“பழைய வழக்குகள்?” என்று பெரியவர் வழிகாட்டியிடம் கேட்டார். “விட்டார்கள் ஐயா. நாங்களும் விட்டோம். யாராவது முதலில் விட வேண்டுமே” என்று பதில் வந்தது.

திரும்பும் முன் வண்டிப்பெரியாறு வழியே பட்டுமலைக்குச் சென்றோம். தேயிலைத் தோட்டங்களின் நடுவே, குன்றின்மேல் கருங்கல்லால் எழுந்துள்ள மாதா ஆலயம் அது. மஞ்சு வந்து கோபுரத்தை மூடுவதும் விலகுவதுமாய் இருந்தது. நேரமுள்ளோர் இன்னும் சென்று பருந்தும்பாறையின் பள்ளத்தாக்குகளையும் காணலாம். சித்திரை முழுநிலவு நாளில் வருவோர்க்கு, ஆண்டில் அந்த ஒரு நாள் மட்டுமே வழி திறக்கும் மங்கலதேவி மலையின் கண்ணகி கோயிலைக் காணும் வாய்ப்பு உண்டு. இறங்கும் வழியில் சுருளி அருவியில் நீராடலாம். புறப்படுமுன் நீர்வரத்தை விசாரித்துக்கொள்க.

செல்ல விரும்பும் குடும்பங்களுக்குச் சில சொற்கள். விலங்குகளைக் காண மார்ச்சு முதல் மே வரை ஏற்ற காலம்; பசுமையைக் காண மழை ஓய்ந்த மாதங்கள். படகுச் சீட்டுக்கு முன்னதாகவே ஏற்பாடு செய்க. கம்பளி ஆடை ஒன்று கையில் இருக்கட்டும். படகில் எது கண்ணில் பட்டாலும் எழுந்து நிற்காதீர்.

வீடு திரும்பியபின் கோடை கழிந்தது. பருவமழை பெய்து, அணை நிரம்பி, கால்வாயில் நீர் திறந்தனர். கடைமடையாகிய நம் ஊருக்கு அது வந்து சேர்ந்த முதல் வாரத்தில், ஒரு நள்ளிரவு. பெரியவரின் முறை முடியும் நேரம். வழக்கமாய் அவர் தம் மடையை அடைத்துவிட்டு, எவரிடமும் சொல்லாமல் வீட்டுக்குப் போய்விடுவார். அடுத்தவர் தாமே விழித்திருந்து வந்து திறந்துகொள்ள வேண்டும். அன்று அவர் கைவிளக்கோடு வரப்பு வழியே நடந்து, பங்காளியின் வீட்டு வாசலில் நின்று அழைத்தாராம்.

“தம்பி, எழுந்திரு. உன் முறை. தண்ணீர் நன்றாய் வருகிறது.”

இதை நமக்குச் சொன்னவன் அந்தப் பன்னிரண்டு வயதுப் பையன்.